பேங்கில் வேலை பார்த்த அப்பா

அன்புள்ள தம்பி,

உன் அப்பா பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் என்று அந்தப் பெண்ணின் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாயாம். அக்கா சொன்னாள். பொய் என்று சொல்ல முடியாது. பேங்க் வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதும் பேங்க் வேலைதான். ஆனால் அந்த ஸ்டூலுக்கு அவர் எங்கிருந்து வந்தார் என்பதை விட்டுவிட்டாய்.

ஏன் விட்டாய் என்று புரிகிறது. அந்தப் பெண்ணின் தாய்மாமன் 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய ராணுவம் சுட்டுச் செத்தவர். அதே மாதம் உன் அப்பா அதே ராணுவத்தில், அதே யாழ்ப்பாணத்தில் ஒயர்லெஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு இருந்தார். உன் இடத்தில் யார் இருந்தாலும் வாய் எழும்பியிருக்காது. எனக்குக் கோபம் இல்லை. ஃபோனில் பேசலாம் என்றால் பாதியிலேயே "சரிம்மா சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பழைய சரித்திர டீச்சர் எழுதுவது, நீளமாகத்தான் இருக்கும்.

நீ பிறப்பதற்கு முந்தைய கதை இது. 1987 ஜூலை 29-ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதன்படி அமைதி காக்க என்று நம் ராணுவம் அங்கே போனது. மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை அடித்த படத்தைப் பார்த்திருப்பாய். சிங்களப் பக்கத்தின் மனசு முதல் நாளே தெரிந்துவிட்டது. தமிழ்ப் பக்கத்தில் மாலை போட்டார்கள். அப்பாவின் முதல் இன்லேண்ட் லெட்டரில் பயமே இல்லை. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் பலாலி விமானத்தளத்தில் இறங்கினோம், ஜனங்கள் வண்டியை மறித்து இளநீர் கொடுத்தார்கள், இவர்கள் பேசுகிற தமிழைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருக்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தார். யூனிட்டில் தமிழ் தெரிந்தவர் குறைவு. அதனால் ஆபீசர் எங்கே போனாலும் இவரையும் கூட்டிப் போனார்கள்.

செப்டம்பரில் புலிகள் இயக்கத்துத் திலீபன் யாழ்ப்பாணம் நல்லூரில் தண்ணீர்கூட இல்லாமல் உண்ணாவிரதம் இருந்து இறந்தார். அக்டோபர் முதல் வாரத்தில், பிடிபட்ட புலிகளைக் கொழும்புக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்றதும் அவர்கள் பலாலியிலேயே சயனைடு கடித்தார்கள். சில நாளில் சண்டை மூண்டுவிட்டது. இளநீர் கொடுத்த அதே தெருவில், அதே ஜன்னல்கள் சாத்தியிருந்தன என்று அப்பா பின்னால் ஒருமுறை சொன்னார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிட்ட சீக்கிய காலாட்படையினரில் அநேகமாக எல்லோருமே செத்தார்கள். அக்டோபர் 21-ஆம் தேதி யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் நம் சிப்பாய்கள் புகுந்தார்கள். நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று 60 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். இங்கே அன்றைக்குத் தீபாவளி. வயிற்றில் உன் அக்காவை வைத்துக்கொண்டு நான் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி விஷயம் எங்கள் காதுக்கு வர ரொம்ப நாள் ஆயிற்று.

அப்பா அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. அதை அவரிடம் நேராகவே கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீயும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பாய் என்பதால் சொல்கிறேன். அதற்காக அவர் அங்கே பூப்பறித்தார் என்று நினைத்துக்கொள்ளாதே. சுற்றிவளைப்புக்குப் போனார். ஊர் ஆட்களை வரிசையில் நிறுத்தி, முகத்தை மூடிய தலையாட்டி ஒருவரை முன்னால் உட்கார வைப்பார்கள். அவர் தலையாட்டினால் அந்த ஆளைத் தனியாக இழுத்து நிறுத்துவார்கள். "இப்படி வா", "உட்கார்", "உன் பேர் என்ன" என்பதையெல்லாம் தமிழில் சொல்வது உன் அப்பாவின் வேலை. அப்படி இழுத்துப் போகப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். எழுந்து வெளியே போனவர் ராத்திரிதான் வீட்டுக்கு வந்தார். அப்புறம் நான் கேட்கவில்லை.

இனி இங்கே ஊரில் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் வேலூர்ப் பக்கத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பிரதேசம். பட்டாளத்து மாப்பிள்ளை என்றால் பெண் கொடுக்க ஓடி வந்தவர்கள். அந்த வருஷக் கடைசியில் எல்லாம் மாறிப்போனது. தி.மு.க.வும் திராவிடர் கழகமும் படையை வாபஸ் வாங்கச் சொல்லிக் கூட்டம் போட்டன. பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஆக்கிரமிப்புப் படை என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சுவரைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். என்னை யாரும் திட்டவில்லை. ரேஷன் க்யூவில் எனக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள் நான் வந்ததும் பேச்சை நிறுத்துவார்கள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

டிசம்பர் 7 கொடி நாள். உண்டியலும் கொடியும் எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமில் வசூலிப்பது வருஷா வருஷம் என் வேலை. அந்த வருஷம் ஒரு வாத்தியார் காசு போட மறுத்தார். "நம்ம ஜனத்தைச் சுடுறவங்களுக்கு நான் போட மாட்டேன் டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். இந்தப் பணம் துப்பாக்கிக்குப் போகாது, செத்தவர்களின் குடும்பத்துக்கும் கை கால் போனவர்களுக்கும்தான் போகும் என்றேன். தெரியும் என்றார். அப்பவும் போடவில்லை. மற்றவர்கள் எல்லோரும் போட்டார்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

இதில் ஒரு வேடிக்கை கேள். 1990-இல் அப்பா திரும்பி வந்ததும் முதலில் வீட்டுக்கு வந்து பார்த்தவர் அந்த வாத்தியார்தான். ரெண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினார்கள். அவர் கேள்வி கேட்டார், அப்பா பதில் சொன்னார். என்னிடம் சொல்லாததைக்கூட அவரிடம் சொன்னார் என்று நினைக்கிறேன். காசு போட்டவர்களில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, யுத்தத்தை எதிர்ப்பவன் சிப்பாய்க்கு விரோதி என்று யாராவது சொன்னால் நான் நம்புவதே இல்லை.

1989-இல் இலங்கையின் புது ஜனாதிபதி பிரேமதாசாவே, எங்கள் நாட்டை விட்டுப் போங்கள் என்றார். அந்த ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் மறுபடியும் பொதுமக்கள் 60 பேருக்கு மேல் செத்தார்கள். டெல்லியில் ஆட்சி மாறி வி.பி. சிங் வந்தார். 1990 மார்ச் 24-ஆம் தேதி கடைசிக் கப்பல்கள் திருகோணமலையை விட்டுக் கிளம்பின. சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்றுவிட்டு வந்த படையை எப்படி வரவேற்பது என்பது அவர் சொன்ன காரணம். இதைப் பற்றி இன்றைக்கும் ரெண்டு கட்சியாகப் பேசுகிறார்கள். அப்பா என்ன நினைத்தார் என்று கேட்டால் சிரிப்பாய். "வந்திருந்தா வெயில்ல இன்னும் ரெண்டு மணி நேரம் நிக்க வெச்சிருப்பாங்க" என்றார். ஆனால் யூனிஃபார்மை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு லுங்கி சட்டையில்தான் வேலூர் பஸ் ஏறினார்.

எனக்கு முதலமைச்சர் மேல் பெரிய வருத்தம் கிடையாது. அவர் தன் மனசில் இருந்ததை வெளிப்படையாகச் செய்தார். கையெழுத்துப் போட்டவர்களையும், பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிப்போன அந்தத் திட்டத்தைத் தீட்டியவர்களையும் ஒரு பயலும் பஸ்ஸில் முறைத்துப் பார்க்கவில்லை. அவர்கள் பஸ்ஸில் போவதில்லை. ஆத்திரம் யார் மேலோ இருந்தாலும் கைக்கு எட்டுவது லுங்கி கட்டின, நாயக் என்கிற சின்ன ரேங்க் சிப்பாய் ஒருத்தர்தான். ஏறத்தாழ 1,200 பேர் அங்கே செத்தார்கள். அவர்களில் ராணுவத்தின் மிக உயர்ந்த வீர விருதான பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பம்பாயில் பிறந்த தமிழர், 1987 நவம்பர் 25-ஆம் தேதி விழுந்தவர். எத்தனையோ வருஷம் சரித்திரம் நடத்தினேன், நான் நடத்திய எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் இல்லை. போகச் சொன்ன இலங்கை 2008-இல் கொழும்புக்குப் பக்கத்தில் அவர்களுக்கு நினைவுத்தூண் கட்டியது. டெல்லியில் தேசியப் போர் நினைவகம் 2019-இல்தான் வந்தது. அமெரிக்காவில் வியட்நாம் போனவர்கள் தாங்களே நன்கொடை திரட்டி 1982-இல் வாஷிங்டனில் அந்தக் கறுப்புச் சுவரை எழுப்பிக்கொண்டார்கள். நம்மவர்களுக்கு அந்தத் தெம்பும் இல்லை.

அப்புறம் 1991 மே 21. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைப் புலிகள் கொன்றார்கள். மறுநாளே ஊர் தலைகீழாகிவிட்டது. நேற்று வரைக்கும் பேச்சை நிறுத்தியவர்கள், லீவில் வந்திருந்த அப்பாவைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள். "அப்பவே மொத்தமா முடிச்சிட்டு வந்திருக்கணும் சார்" என்று ஒருத்தர் தோளில் தட்டியிருக்கிறார். அதே வாயால் அகதி முகாமில் இருந்த ஜனங்களைக் கரித்துக் கொட்டினார்கள். அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். முன்னே வெறுத்ததைவிட இந்தப் புகழ்ச்சிதான் அவரை ரொம்பக் கஷ்டப்படுத்தியது. வெறுத்தவர்களுக்காவது செத்தவர்கள் கணக்கில் இருந்தார்கள்.

1999-இல் பாகிஸ்தானோடு கார்கில் யுத்தம் வந்தது. திருச்சிக்காரர் மேஜர் சரவணன் இறந்த செய்தி வந்ததும் தமிழ்நாடே அழுதது. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நிதி வசூல். எங்கள் பள்ளியில் அப்பாவைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள், சால்வையெல்லாம் போட்டார்கள். மேடைக்குப் போவதற்கு முன்னால் தலைமையாசிரியர் காதோரம் வந்து, "ஸ்ரீலங்கா மேட்டர் மட்டும் வேண்டாம் சார், கார்கில் பத்தி மட்டும் பேசுங்க" என்றார். அப்பா கார்கில் பக்கமே போனதில்லை! அந்தச் சமயம் அவர் பேங்க் வாசலில் உட்கார்ந்திருந்தார். மைக் முன்னால் போய், நன்றாகப் படியுங்கள், தினமும் ஓடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். ஒரே மனிதர்தான். எந்த யுத்தத்துக்கு அனுப்பினோம் என்பதை வைத்துச் சால்வையா முறைப்பா என்று நாம் முடிவு செய்தோம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வீட்டார் நம் ஊர்க்காரர்கள் மாதிரி இல்லை. எங்கள் பஸ் ஸ்டாண்ட் சுவரில் எழுதியவனுக்கு யாழ்ப்பாணம் வெறும் மேடைப் பேச்சு. அவர்களுக்கு அது செத்துப்போன அண்ணன். அவர்கள் வெறுத்தால் அந்த வெறுப்பைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது. ஆகவே "அப்பா ஆர்டரைத்தானே செய்தார்" என்று ஆரம்பிக்காதே. புலிகள் செய்த கொலைகளையும் எடுத்துப் போடாதே, அந்தக் கணக்கு உன்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அப்பா சார்பில் மன்னிப்பும் கேட்காதே. அவர் உயிரோடு இருக்கிறார், கேட்பதா வேண்டாமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

முதலில் அந்தப் பெண்ணிடம் சொல். அப்புறம் அவளையும் வைத்துக்கொண்டு அவள் அம்மாவிடம் நேரில் சொல். கல்யாண மண்டபம் பேசுகிற நாளில் வேண்டாம், அதற்கு முன்னாலேயே சொல்லிவிடு. என்ன தெரியுமோ அதைச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். அவர்கள் எழுந்து போனால் போகட்டும். கல்யாணம் வேண்டாம் என்றால் அதையும் வாங்கிக்கொள், அவர்களோடு வாதாடாதே. நிச்சயம் ஆன பிறகு வேறு யார் மூலமாவது தெரிந்தால் அந்தப் பெண் உன்னை எப்படிப் பார்ப்பாள் என்று யோசி. கனடாவில் நீ இருக்கிற ஸ்கார்பரோவில் நம் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள், இது ரொம்ப நாள் தாங்காது.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தலையாட்டி விஷயத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். அந்த அம்மாவுக்குத் தன்னிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் கேட்கலாம், எந்த ஏரியாவில் எந்த மாதம் இருந்தேன் என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது என்றார். அவராகப் போய்ப் பேச மாட்டார், அந்த அம்மா கூப்பிட்டால்தான். வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போடச் சொல். இடது காது கேட்காது, முகம் தெரிந்தால் புரிந்துகொள்வார். இங்கே காலை ஆறரைக்கு வாக்கிங் முடித்து வந்துவிடுவார், உங்களுக்கு அது முந்தின நாள் ராத்திரி. நான் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்கிறார். மாடிக்குப் போய்விடுகிறேன்.

அன்புடன்,
அம்மா