செவிலியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், இரவுப் பணி முடித்துத் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான கூட்டங்கள் நடந்தன. சந்தா வசூல் பரவாயில்லை; விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழு இந்த ஆண்டு அதிகம் பேசியது ஆள் பற்றாக்குறையைப் பற்றித்தான்.

கொரோனா அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் சுமார் 1,15,500 சுகாதாரப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கலாம் என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு. அலுத்துப்போய் வேலையை விட்டவர்கள் தனி. காலியிடங்களில் சில நிரம்பின, மறுக்கவில்லை. ஆனால் பல வருட அனுபவசாலி இருந்த இடத்தில், படிப்பை முடித்த கையோடு வந்தவர் நிற்கிறார். பாவம், சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. வருகைப் பதிவேட்டுக்கு இருவரும் ஒன்றுதான்.

நோயாளிக்கு இதனால் என்ன ஆகிறது? கூட்டங்களில் அடிக்கடி வந்த பேச்சு இன்சுலின். போடுவதற்கு முன் இன்னொரு செவிலியர் மருந்துச்சீட்டையும் ஊசியில் ஏற்றிய அளவையும் தனியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இரவில் வார்டுக்கு ஒருவர்தான் என்றால் யாரைக் கூப்பிடுவது? ஊசி போட்டாகிவிடும், இரண்டாவது கையெழுத்து விடிந்தபின் விழும். தணிக்கைக்கு வருபவர் பார்த்தால் தாள் பளிச்சென்று இருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்திலும் இதே கதை. இரண்டு மணி நேரத்துக்கொருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டியவர் அப்படியே கிடக்கிறார். படுக்கைப்புண் வந்த பிறகு, "யார் டியூட்டி?" என்று கேட்கிறார்கள். எத்தனை பேர் டியூட்டியில் இருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

செவிலியர் பணி ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழுவினர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாக அதில் தெரிந்தது. அதை மனுவோடு இணைத்து நிர்வாகத்திடம் கொடுத்தோம். கவனமாக இருக்கும்படி ஒரு சுற்றறிக்கை வந்தது. அப்புறம் மன அழுத்தம் போக்க யோகா வகுப்பு வைத்தார்கள், அதுவும் இரவுப் பணி முடியும் நேரத்தில்!

தவறு நேராமல் மயிரிழையில் தப்பியவற்றைப் பெயர் இல்லாமல் எழுதித்தர ஒரு படிவம் தயாரித்தோம். மெமோ வருமோ என்ற பயத்தில் முதலில் யாரும் தொடவில்லை. இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன.

இரவில் எந்த வார்டிலும் ஒருவர் மட்டும் இருக்கக்கூடாது, புதியவர்களை மட்டும் சேர்த்துப் பணியில் போடக்கூடாது என்ற தீர்மானத்தைச் செயற்குழு இன்று முன்வைக்கிறது. வழிமொழிய விரும்புவோர் எழுந்து பேசலாம்.

செயலாளர்