எடையிட்ட வலையமைப்புகளைச் சுருக்கும் மென்பொருள்களை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். எடையிட்ட வலையமைப்பு என்பது கணுக்களும், வலிமைக்கேற்ற எடையோடு அவற்றை இணைக்கும் இணைப்புகளும் கொண்டது; அதில் முக்கியமற்ற இணைப்புகளை நீக்கிச் சுருக்கும் முறையே வடிகட்டி. அண்மையில் ஒரே தரவை, ஒரே வரம்பு மதிப்புடன், ஒரே வடிகட்டியின் பெயரைத் தாங்கிய இரு கருவிகளில் இட்டேன்; இரு வேறு வலையமைப்புகள் கிடைத்தன. மூல நிரலை வரிவரியாகப் படித்த பிறகே காரணம் விளங்கியது. இணைப்பின் இரு முனைகளில் உள்ள கணுக்களில் ஏதேனும் ஒன்றில் அந்த இணைப்பு வடிகட்டியின் சோதனையில் தேறினால் போதும் என்று ஒரு கருவி கொண்டிருந்தது; மற்றொன்று இரு முனைகளிலும் தேற வேண்டும் என்றது. இரண்டின் ஆவணங்களிலும் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் குறிப்பிடுவது, செர்ரானோ, போகுன்யா, வெஸ்பின்யானி ஆகியோர் 2009இல் முன்வைத்த வேறுபாட்டு வடிகட்டியை (disparity filter). எல்லா இணைப்புகளுக்கும் ஒரே எடை வரம்பை வைத்தால் சிறிய கணுக்கள் கூண்டோடு மறைந்துவிடும் என்பதால், ஒவ்வொரு கணுவின் மொத்த எடையும் அதன் இணைப்புகளிடையே தற்செயலாகப் பங்கிடப்பட்டிருந்தால் இத்தனை பெரிய பங்கு ஓர் இணைப்புக்குக் கிடைக்குமா என்று அது கேட்கிறது. அப்படிக் கிடைப்பதற்கான நிகழ்தகவே அந்த இணைப்பின் மதிப்பு; அது வரம்பைவிடக் குறைவாக இருந்தால் இணைப்பு தேறும். அருமையான கேள்விதான். ஆனால் 10 இணைப்புகள் உள்ள கணுவில் 30 விழுக்காட்டுப் பங்கு பெறும் இணைப்பின் மதிப்பு ஏறத்தாழ 0.04; எனவே 0.05 என்ற வரம்பில் அது தேறிவிடும். இரண்டே இணைப்புகள் உள்ள கணுவிலோ, 90 விழுக்காட்டைச் சுமக்கும் இணைப்பின் மதிப்பு 0.1; எனவே மறுமுனைக் கணுவின் சோதனை காப்பாற்றாவிட்டால் அது நீக்கப்படும். ஒரே இணைப்புள்ள கணுவுக்கு இந்தச் சோதனையே பொருளற்றது. அதை வைத்திருப்பதா நீக்குவதா என்பது நிரலாளரின் முடிவு மட்டுமே.

இம்முடிவுகளைக் குறைகூற நான் எழுதவில்லை. எல்லாக் கணுக்களையும் சுற்றுகளின்றி மிகக் குறைந்த மொத்த எடையில் இணைக்கும் குறைந்த எடை மரம் போன்ற பழைய முறைகளுக்கும் இழப்பு உண்டு. 1,000 கணுக்களில் சரியாக 999 இணைப்புகளை மட்டும் விட்டுவைக்கும் அம்மரத்தில் ஒரு முக்கோணம்கூட எஞ்சாது. எனினும் அந்த இழப்பு எல்லோருக்கும் தெரிந்தது. உங்கள் கருவிகளில் நேரும் இழப்பு பயனருக்குத் தெரிவதில்லை. அவர் எஞ்சிய படத்தையே உண்மையான அமைப்பாக நம்பி ஆய்வை எழுதிவிடுகிறார்.

ஆகவே ஒவ்வொரு முறை வடிகட்டும்போதும் எந்த முனை விதி பின்பற்றப்பட்டது, ஒற்றை இணைப்புக் கணுக்கள் எப்படிக் கையாளப்பட்டன, எத்தனை கணுக்கள் தனித்து விடப்பட்டன, மொத்த எடையில் எவ்வளவு எஞ்சியது ஆகியவற்றை வெளியீட்டோடு சேர்த்தே தருமாறும், நீக்கிய இணைப்புகளை அவற்றின் மதிப்புகளுடன் தனிக் கோப்பாகச் சேமிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கருவிகளை நாள்தோறும் பயன்படுத்தும் ஆய்வாளர் ஒருவர்