மாணவர் எல்லோரும் ஒரே கட்சி அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வகுப்புப் பகிஷ்கரிப்பு, தனியார் பட்டப்படிப்புக்கு எதிர்ப்பு, மாகாணசபைகளை உருவாக்கிய பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தை அடியோடு நிராகரித்தல் என்று எந்த அறிக்கை வந்தாலும் பத்திரிகைகள் அதை ஒட்டுமொத்த மாணவர் சமூகத்தின் முடிவு என்றே எழுதுகின்றன. நான் வடக்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மூன்றாம் வருட மாணவி. அந்த மூன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. தயவுசெய்து இனிமேல் மாணவர் ஒன்றியத்தின் அறிக்கையை ஒன்றியத்தின் அறிக்கை என்றே வெளியிடுங்கள்.

அரசியலில் நான் பழமையைப் பேணும் பக்கத்தைச் சேர்ந்தவள். குடும்பம், கோயில், சொந்தக் காணி, ஊர்ச் சங்கம் ஆகியவற்றை அரசாங்கத்தைவிட அதிகம் நம்புகிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் புரட்டிப் போடுவோம் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு அச்சம் வருகிறது. என்னைப் போன்றவர்கள் எங்கள் வகுப்பிலேயே பலர் இருக்கிறார்கள். விடுதி அறையில் பேசுவார்கள், கூட்டத்தில் வாய் திறக்கமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பகிஷ்கரிப்புப் பற்றிய ஒரு கூட்டத்தில், தனியார் பட்டப்படிப்பை நாம் ஏன் எதிர்க்கவேண்டும் என்று நான் எழுந்து கேட்டேன். இரண்டாவது வசனத்தைச் சொல்வதற்குள் கூச்சல் எழுந்தது. தங்கச்சி உட்காருங்கள் என்று ஒரு சிரேஷ்ட மாணவர் முடித்துவைத்தார். அன்று மாலையே நான் அரசாங்கத்தின் ஆளாகவும், சாதிமானாகவும், துரோகியாகவும் ஆகிவிட்டேன்.

அன்று சொல்லவிடாததை இங்கே சொல்கிறேன். கல்வி முழுவதும் அரசின் கையில்தான் இருக்கவேண்டும் என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கோஷமிடுவதைக் கேட்க எனக்கு வேதனையாக இருக்கிறது. இந்த மண்ணில் கல்வியைக் கட்டியெழுப்பியது எந்த அரசு? வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரியை அமைத்தவர்கள் அமெரிக்க மிஷனரிமார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர் ஆறுமுக நாவலர். மருதனார்மடத்தில் 1913இல் பெண்களுக்கும் திருநெல்வேலியில் 1921இல் ஆண்களுக்கும் கல்லூரி நிறுவியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1923இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர் ஊராகப் பாடசாலை திறந்தது. இவற்றுள் ஒன்றுகூட அரசு போட்ட திட்டத்தால் வந்ததல்ல. சமயப் பற்றும் ஊர்ப் பற்றும் கொண்டவர்கள் செய்த வேலை.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசுடைமை ஆயின. பத்து ஆண்டுகளில் என்ன நடந்தது? பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகள் போதும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும் என்றார்கள். அந்தக் காயத்தைப் பற்றி நாங்கள் இன்றும் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் கொழும்பில் எடுத்த ஒரு முடிவால் ஒரு தலைமுறையின் வாழ்க்கையே திசைமாறியது ஏன் என்று யோசிக்கவேண்டாமா? நாட்டில் பட்டம் தரும் வாசல் ஒன்றே ஒன்றாக இருந்தது, அதன் சாவி அரசிடம் இருந்தது. தரப்படுத்தலைக் கண்டிக்கும் அதே வாயால், அரசைத் தவிர வேறு யாரும் பட்டம் கொடுக்கக்கூடாது என்று எப்படிச் சொல்கிறோம்?

இலவசக் கல்வியை மூடும்படி நான் கேட்கவில்லை. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த சீர்திருத்தம் இல்லாவிட்டால் வெங்காயம் பயிரிடும் ஒருவரின் மகளான நான் இந்த வாசலை மிதித்திருக்கமாட்டேன். தரத்தைக் கண்காணிக்கும் உறுதியான ஏற்பாட்டுடன் வேறு வாசல்களும் திறக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான். இன்று அத்தகைய வாசல்கள் போதியளவு இல்லாததால் நடப்பது என்ன? வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். வசதியற்றவர்கள் காணியை விற்று அனுப்புகிறார்கள்.

காணி என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். தனிச்சொத்து முதலாளிகளின் சூழ்ச்சி என்று மேடையில் முழங்கும் அண்ணாமார், மறுநாள் வலிகாமம் வடக்குக் காணி விடுவிப்புப் போராட்டத்தில் முன்வரிசையில் நிற்கிறார்கள். நிற்பது மிகவும் சரி, நானும் அங்கே நிற்பேன். 1990இல் இடம்பெயர்ந்த அந்த மக்களின் 6,381 ஏக்கரை இராணுவத்துக்காகச் சுவீகரிக்க 2013இல் அறிவித்தல் ஒட்டப்பட்டபோது அவர்கள் எதைக் கொண்டு எதிர்த்து நின்றார்கள்? பெட்டியில் பத்திரப்படுத்தி ஊர் ஊராகச் சுமந்து திரிந்த காணி உறுதியைக் கொண்டு. அதை எடுத்துக்கொண்டுதான் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். சொந்தக் காணி புனிதமானது என்று நம்பாதவர், அது விடுவிக்கப்படவேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பார்?

மாகாணசபை விடயத்தில் என் நிலைப்பாடு எளிமையானது. வடக்கு மாகாணசபைக்கு 2013 செப்டெம்பரில் முதல் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஆளுநரின் கையில் நிர்வாகம். குறைபாடுள்ள சபைதான். ஆனாலும் கைக்கு எட்டியதை உதறிவிட்டுக் கூட்டாட்சி வரும்வரை வெறுங்கையோடு இருப்போம் என்பதை என்னால் ஏற்கமுடியாது. எங்கள் ஊரில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், 1927இல் காந்தியை இங்கே அழைத்துவந்த அமைப்பு, முழுச் சுயராச்சியம் வேண்டும் என்று 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. அவர்களின் நேர்மையில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன, சபை நம்மவர் இல்லாமலே நடந்தது.

சாதிமான் என்ற பழிதான் என்னை அதிகம் சுட்டது. அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லவேண்டும். பழமைபேணுவோர் பக்கத்தில் வெட்கப்படவேண்டிய வரலாறு இருக்கிறது. நான் மேலே புகழ்ந்த இராமநாதனே எல்லோருக்கும் வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தவர். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தபின்னரும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கோயில் வாசல் அடைபட்டிருந்தது. அந்த வாசலில் அடிபட்டவர்களோடு நின்றவர்கள் இடதுசாரிகள். அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது, அதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்வேன்.

ஆனால் மரபைப் பேணுகிறவள் சாதியையும் பேணவேண்டும் என்று யார் விதித்தது? 2018இல் தென்மராட்சியில் ஒரு கோயில் தேரை மண் அள்ளும் இயந்திரத்தால் இழுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினரின் கை வடத்தில் பட்டுவிடக்கூடாதாம். அப்போது நான் பாடசாலை மாணவி. தேர்த்திருவிழா என்றால் வடம் பிடிக்கும் அடியவர்களின் கைகள்தான். அந்தக் கைகளை விலக்கிவிட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்தவர்களைவிடப் பெரிய மரபழிப்பாளர் யார்? சாதிக்காக அவர்கள் மரபையே விற்றார்கள். பக்தியுள்ளவள் என்ற காரணத்தால்தான் எனக்கு அந்தக் கோபம் இன்றும் தணியவில்லை.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையையும் இப்படித்தான் பார்க்கிறேன். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட அந்தச் சட்டத்தை முழுவதும் ஒழிக்கவேண்டும் என்று எங்கள் அக்காமார் சிலர் வாதிடுகிறார்கள். மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற விதி அநீதியானது, அது நீங்கவேண்டும். அதில் நான் அவர்களோடு நிற்கிறேன். சீதனக் காணி பெண்ணின் தனிச்சொத்தாகவே இருக்கும் என்பதையும், பங்குக்காணியை வெளியாருக்கு விற்குமுன் பங்காளிக்கு அறிவிக்கவேண்டும் என்பதையும் எதற்காக ஒழிக்கவேண்டும்? இந்தக் கேள்வியை அமைதியாகப் பேச முடியாத இடத்தில் சட்டத் திருத்தம் எப்படிப் பிறக்கும்?

துரோகிப் பட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1989 ஜூலையில் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கம் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டெம்பரில் இடதுசாரியும் பெண்ணியவாதியுமான விரிவுரையாளர் ராஜினி திராணகம யாழ்ப்பாண வீதியில் சுடப்பட்டார். அரசியலமைப்பு வழியில் அதிகாரப் பகிர்வு தேடிய நீலன் திருச்செல்வம் 1999இல் கொல்லப்பட்டார். மூவரின் கொள்கையும் வேறுவேறு, மூவருக்கும் சூட்டப்பட்ட பட்டம் இது ஒன்றே. எங்கள் வயதினர் அந்த ஆண்டுகளைப் பார்க்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் பட்டத்தை இவ்வளவு இலகுவாக ஒருவர் தலையில் சூட்டிவிட முடிகிறது.

மாணவர்களுக்கு வெளியே ஊர் மாறிவிட்டது. 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தெற்கைத் தளமாகக் கொண்ட இடதுசாரி அணியான தேசிய மக்கள் சக்திக்குப் போயின. அந்தத் தெரிவில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் ஒரே வீட்டில் தகப்பன் ஒரு கட்சிக்கும் மகன் இன்னொரு கட்சிக்கும் வாக்களித்துவிட்டு ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். அந்த அளவு பெருந்தன்மை படித்தவர்கள் கூடும் இடத்தில் இல்லாமற் போவது ஏன்?

எனக்கு எந்தச் சலுகையும் வேண்டாம். நிர்வாகம் தலையிட்டு யாரையும் தண்டிக்கவும் வேண்டாம். பகிஷ்கரிப்பு முடிவைக் கை உயர்த்தி எடுக்காமல் இரகசிய வாக்கெடுப்பால் எடுக்கட்டும், ஏனெனில் சிரேஷ்ட மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க முதலாம் வருடப் பிள்ளை எப்படித் தன் மனதின்படி கை உயர்த்தும்? தனியார் பட்டப்படிப்பு, மாகாணசபைத் தேர்தல் ஆகிய இரண்டைப் பற்றியும் இந்தத் தவணையிலேயே ஒன்றியம் விவாதம் நடத்தட்டும். விரிவுரையாளர் ஒருவர் தலைமை தாங்கட்டும். தனியார் பட்டப்படிப்பை ஆதரித்துப் பேச வேறு எவரும் முன்வராவிட்டால் நான் தனியாகவே பேசுகிறேன். என்னை உட்காரச் சொன்ன அந்த அண்ணா எதிரணிக்குத் தலைமை தாங்கினால் எனக்கு மிகவும் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
கலைப்பீட மாணவி,
கோண்டாவில்.