தங்கம் தோண்டப் போன நீதிபதி

அன்புள்ள ராஜாமணி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்று என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. சாக்ரமென்டோவில் மகள் வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பகலெல்லாம் நூலகத்தில் பழைய வழக்குக் கதைகள்தான் படிக்கிறேன். அதில் ஒரு நீதிபதி என்னை விடவே மாட்டேன் என்கிறார். கோர்ட்டிலேயே காலம் தள்ளிய உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

பெயர் லாரென்சோ சாயர். 1820இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். 1850இல் எல்லாரையும் போலத் தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்கு வந்து, கொஞ்ச நாள் மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டு வக்கீல் தொழிலுக்கே திரும்பினார். சுரங்க ஊரான நெவாடா சிட்டியிலும் வக்கீலாக இருந்தார். அப்புறம் மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. பிறகு அதிபர் கிராண்ட் நியமிக்க, பசிபிக் கரை மாநிலங்களுக்கான கூட்டாட்சி சர்க்யூட் நீதிபதியானார். 1891இல் சாகும்வரை அதே பதவிதான்.

அந்த நெவாடா சிட்டி பக்கத்து மலையில்தான் நார்த் புளூம்ஃபீல்ட் கம்பெனியின் சுரங்கம். தோண்டுகிற வேலையெல்லாம் இல்லை. மேலிருந்து வாய்க்காலில் கொண்டுவந்த தண்ணீரைக் குழாயில் இறக்கி, பீரங்கி மாதிரி ஒரு முனை வழியாக மலைமேல் பீய்ச்சுவார்கள். மலையே சேறாகி மரத்தொட்டிகளில் ஓடும். அங்கே பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மிச்ச சேறும் சரளையும் யூபா ஆற்றுக்கு. வருஷக்கணக்கில் இது நடந்ததில் மேரிஸ்வில் ஊரின் தெருக்களைவிட ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டது. கரை கட்டிக் கட்டி ஓய்ந்தார்கள். 1875 வெள்ளத்தில் ஊருக்குள் சேறு. பழத்தோட்டம், கோதுமை வயல் எல்லாம் சரளைக்கு அடியில் போயின.

மேரிஸ்வில்லில் சொத்து வைத்திருந்த எட்வர்ட்ஸ் உட்ரஃப் வழக்குப் போட்டார். 'முப்பது வருஷ வழக்கம் இது, எங்கள் தொழிலால்தானே இந்த மாநிலமே உண்டானது' என்பது கம்பெனியின் வாதம். 1884 ஜனவரி 7 அன்று சாயர் தீர்ப்புச் சொன்னார். அடுத்தவன் நிலத்தை மூடுகிற உரிமையை எந்தச் சட்டமும் யாருக்கும் கொடுக்கவில்லை. கழிவை ஆற்றில் விட நிரந்தரத் தடை. சுரங்கம் நடத்தாதே என்று அவர் சொல்லவில்லை, கவனித்தாயா? கழிவைக் கொட்டாதே என்றுதான் சொன்னார். கொட்டாமல் அந்தத் தொழில் நடக்காது என்பது வேறு விஷயம். ஒருகாலத்தில் தானே தங்கம் தேடியவர் இதை எழுதினார் என்பதில் எனக்குத் தனி மரியாதை.

சீனர்கள் விஷயத்தில்தான் குழம்புகிறேன். 1878இல் ஆ யுப் என்பவர் குடியுரிமை கேட்டபோது, குடியுரிமைச் சட்டம் சொல்லும் 'வெள்ளையர்' என்ற வகையில் சீனர் வரமாட்டார் என்று மறுத்தவர் இவர்தான். இரண்டே வருஷத்தில், கம்பெனிகள் சீனரை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற மாநிலச் சட்டத்தை நீதிபதி ஹாஃப்மனோடு சேர்ந்து தள்ளுபடி செய்தார், அமெரிக்கா சீனாவோடு போட்ட ஒப்பந்தத்துக்கு அது விரோதம் என்று. 1890இல் சீனர்களை ஊரின் ஒரு மூலைக்குத் துரத்தப் பார்த்த சான் பிரான்சிஸ்கோ நகரச் சட்டத்தையும் அடித்துப் போட்டார். உள்ளே நுழையாதே, நுழைந்துவிட்டால் உன்னைத் தொட விடமாட்டேன் என்ற கணக்கா இது? எனக்கு விளங்கவில்லை.

நடுவில் ஒரு கூத்து. தன் திருமண ஒப்பந்தம் போலியா என்ற வழக்கில் இவர் தீர்ப்பால் தோற்ற சாரா ஹில் என்ற பெண், 1888இல் ரயிலில் இவர் தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கிறாள். நம்மூர் கோர்ட்டு வாசலில் நடக்கிறதெல்லாம் ஒன்றுமே இல்லையப்பா!

உன்னிடம் கேட்க வேண்டியது 1886ஆம் வருஷச் சலவைக்கடை வழக்கு. மரக்கட்டிடத்தில் சலவைக்கடை நடத்த சான் பிரான்சிஸ்கோ நகரசபை வெள்ளையருக்கு அனுமதி கொடுத்தது, சீனர் இருநூறு பேர் கேட்டும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. இது பாரபட்சம் என்று சாயருக்குத் தெரிகிறது, எழுதவும் செய்கிறார். ஆனால் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே நகரசபைக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டதால் அதற்கு மரியாதை கொடுத்து ஒதுங்கிவிட்டார். சில மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சீனர் பக்கம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. அவர் ஒதுங்கியது சரியா? மலைக் கம்பெனியை எதிர்த்த மனுஷன் இங்கே ஏன் தயங்க வேண்டும்? நீ அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று விவரமாக எழுது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
வேலு