இருவர் அறைக்குப் பணம், நால்வர் அறையில் கட்டில்

அனுப்புநர்:
உங்கள் ஜூலை மாத பேட்ச் மாணவி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை அலுவலகம்,
கோயம்புத்தூர்.

பொருள்: பிலிப்பைன்ஸ் ஆங்கிலப் பயிற்சி – பேசியபடி விடுதி அறை தராதது – கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

ஐயா,

2025 ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பன்னிரண்டு வாரம் பிலிப்பைன்ஸின் மலை ஊரான பாகியோவில் ஆங்கிலம் படிக்க உங்கள் மூலமாகப் போய் வந்தேன். கோத்தகிரியில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பில் வேலை செய்கிறேன். வெளிநாட்டு விருந்தினர் கோபமாகப் பேசும்போது எனக்கு வாய் அடைத்துவிடுகிறது. அதற்காகத்தான் இந்தப் படிப்பு. உங்கள் ஆலோசகர் முதலில் கடலோர செபுவைச் சொன்னார். பாகியோ போதும் என்றது நான். சுமார் 1,500 மீட்டர் உயரம், பைன் மரம், பக்கத்திலேயே ஸ்ட்ராபெரித் தோட்டம். ஊட்டியை வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்க எடுத்துக்கொண்ட மாதிரி அமெரிக்கர்கள் உருவாக்கிய ஊர். மலைக்காரிக்கு ஒத்துவரும் என்று நினைத்தேன், ஒத்தும் வந்தது. பாடத்தில் எனக்குக் குறையே இல்லை. ஒரு மாணவிக்கு ஒரு ஆசிரியர் என்று உட்கார்த்தி வைத்துப் பேச வைக்கிறார்கள். அந்த ஆசிரியைகளை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

என் புகார் அறையைப் பற்றியது மட்டும்.

நான் பணம் கட்டியது இருவர் அறைக்கு. உங்கள் விலைப்பட்டியலில் பன்னிரண்டு வாரத்துக்கு இருவர் அறை 3,12,000 ரூபாய், நால்வர் அறை 2,64,000 ரூபாய். அப்பா மலிவானதே போதும் என்றார். பச்சைத் தேயிலை கிலோ இருபது ரூபாய்க்கும் கீழே போன மாதங்களைப் பார்த்தவர், அப்படித்தான் சொல்வார். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். காரணம் உங்கள் ஆலோசகர் சொன்ன ஒரே வாக்கியம்: "இருவர் அறையில் கூட இருப்பவர் கொரியாவோ ஜப்பானோ தைவானோதான், தூங்கும் நேரம் தவிர ஆங்கிலம்தான் பேசியாக வேண்டும்." விண்ணப்பப் படிவத்திலும் 'வேறு தாய்மொழி அறைத்தோழி' என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறேன்.

அந்த டிக் எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாங்கள் பேசுவது படுகு. தமிழ் பள்ளிக்கூடத்தில் வந்தது. மலையாளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கோவையில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் பாலக்காட்டுப் பெண் ஒருத்தியோடு ஒரே அறை. புத்தகம் இல்லை, வகுப்பு இல்லை. வாளி யாருடையது, ஜன்னலை யார் திறந்து வைத்தது என்று சண்டை போட்டே வந்துவிட்டது. ஒரு பாஷை சீக்கிரம் வருவது அறையில்தான் என்பது என் அனுபவம். அந்த 48,000 ரூபாயைக் கூடுதலாகக் கட்டியது அதற்குத்தான், மெத்தைக்கு அல்ல.

மணிலாவிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது இரவு பதினொன்று தாண்டிவிட்டது, நல்ல மழை. கதவைத் திறந்தால் இரண்டு அடுக்குக் கட்டில்கள். ஒரு மேல் கட்டில் மட்டும் காலி. "ஹலோ" என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த அறிமுகத்தை ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். கீழ்க் கட்டிலில் போர்வைக்குள்ளிருந்து ஒரு தலை எழுந்து, "அக்கா, நீங்களும் கோயமுத்தூர் ஆபீஸ் மூலமாத்தான் வர்றீங்களா?" என்றது. திருப்பூர்ப் பெண். மற்ற இருவர் ஈரோடும் பொள்ளாச்சியும். நாலு பேரும் உங்கள் வாடிக்கையாளர்கள்.

அந்தப் பெண்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. தங்கமானவர்கள். காய்ச்சலில் படுத்திருந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தது அவர்கள்தான். ஆனால் நாலு தமிழ்நாட்டுப் பெண்கள் ஒரு அறையில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் பேசுவார்கள் என்று நீங்களே நம்புகிறீர்களா? முதல் வாரம் முயன்று பார்த்தோம். தவறிப்போய்த் தமிழ் பேசினால் பத்து பெசோ என்று டப்பா வைத்தோம். மூன்றாம் நாள் டப்பா நிரம்பியது, நாலாம் நாள் அதை எடுத்து நூடுல்ஸ் வாங்கினோம், அதோடு சரி. வகுப்புக் கட்டடத்தில் ஆங்கிலம் மட்டுமே என்று விதி உண்டு, விடுதியில் கிடையாது. வார நாட்களில் இரவு வெளியே போகவும் அனுமதி இல்லை. ஆக, இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை நான் இருந்தது கொங்கு நாட்டில். பன்னிரண்டு வாரத்தில் என் கொங்குத் தமிழ் பிரமாதமாகத் தேறிவிட்டது. வரவேற்பில் "சொல்லுங்க" என்றிருந்தவள் இப்போது "சொல்லுங்கோ" என்கிறேன். சக ஊழியர்கள் சிரிக்கிறார்கள்.

இடநெருக்கடி தனிக் கதை. நாலு பேருக்கு ஒரு மேசை. இருவர் படித்தால் இருவர் கட்டிலில் குனிந்து எழுத வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் பாகியோவில் மழை விடுவதே இல்லை. எங்கள் ஊரில் ஐப்பசி மழையில் அடுப்பங்கரையில் கொடி கட்டித் துணி காயப்போடுவோம், அங்கே அடுப்புக்கு எங்கே போவது? பொள்ளாச்சிப் பெண் ஹேர் டிரையரை சாக்ஸுக்குள் விட்டுப் பிடிப்பாள், சாக்ஸ் பலூன் மாதிரி உப்பும். அறைக்குத் தனி மின் மீட்டர், பில் எங்கள் தலையில். படிப்பு அனுமதிக் கட்டணம், விசா நீட்டிப்பு, 59 நாளுக்கு மேல் தங்குவதற்கான அடையாள அட்டை, இவையெல்லாம் அங்கே கட்டினேன். அதைக் குறை சொல்லவில்லை, கடைசிப் பக்கத்தில் சொல்லியிருந்தீர்கள். தட்டையான பின் உள்ள பிளக் வேண்டும் என்றும் சொல்லியிருந்தால் என் கெட்டில் பன்னிரண்டு வாரமும் பெட்டிக்குள் தூங்கியிருக்காது. போகட்டும்.

இரண்டாம் வாரமே உங்கள் ஆலோசகருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். "அறை ஒதுக்குவது பள்ளி, எங்கள் கையில் இல்லை" என்று பதில் வந்தது. சரி என்று பள்ளி அலுவலகத்தில் கேட்டேன். அவர்கள் கணினியைத் திருப்பிக் காட்டினார்கள். என் பெயருக்கு நீங்கள் கேட்டிருந்ததே நால்வர் அறை, கட்டியிருந்ததும் நால்வர் அறைக் கட்டணம். அந்தப் பில்லின் நகலை இணைத்திருக்கிறேன். அதை அனுப்பிய பிறகு உங்கள் ஆலோசகர் போனில் கதையை மாற்றினார்: "நம்ம ஊர்ப் பொண்ணுங்க ஒண்ணா இருந்தா பாதுகாப்புன்னு பெற்றோர்தான் கேக்குறாங்க." என் அப்பா உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று, குளிக்க வெந்நீர் வருமா என்று. வேறு யாரோ கேட்டிருந்தால் அவர்களுக்கு அப்படிச் செய்யுங்கள். என்னைக் கேட்காமல் என் அறையை மாற்றிவிட்டு, மிச்சப் பணத்தை நீங்கள் வைத்துக்கொண்டதற்கு என்ன பெயர்?

நான் கேட்பது இதுதான். வித்தியாசத் தொகை 48,000 ரூபாயை என் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்துங்கள். கணக்கு விவரம் உங்களிடம் இருக்கிறது. இழந்த பன்னிரண்டு வாரப் பேச்சுக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை, அதனால் கேட்கவும் இல்லை. அப்புறம், குன்னூரில் நீங்கள் நடத்தும் அடுத்த கூட்டத்தில் அந்த 'தூங்கும் நேரம் தவிர ஆங்கிலம்' வாக்கியத்தைச் சொல்லாதீர்கள், அல்லது சொன்னபடி அறை கொடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு ஊட்டியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. நான் கட்டிய பணம் ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் வழக்குக் கட்டணமும் கிடையாது. கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு பஸ் அடிக்கடி இருக்கிறது.

போனில் கூப்பிட்டு சமாதானம் பேச வேண்டாம். திருப்பூர்ப் பெண்ணும் இருவர் அறைக்குத்தான் பணம் கட்டியிருக்கிறாள். அவள் கடிதம் தனியாக வரும்.

இப்படிக்கு,
கோத்தகிரி மாணவி

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, டிக் அடித்த விண்ணப்பப் படிவம், பள்ளி கொடுத்த பில், வாட்ஸ்அப் உரையாடல் நகல்.