கட்டியில் வைரஸ் தென்பட்டால் அதுவே காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய் வைரஸால் வருகிறது, வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் தொற்றும் என்றொரு பேச்சு நீலகிரித் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் அடிபடுகிறது. அது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. ஆனால் வைரஸ் பற்றிய கேள்வியை வெறும் புரளி என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

தாய்ப்பால் வழியே குட்டிகளுக்குப் போகும் ஏதோ ஒன்று எலிகளுக்கு மார்பகப் புற்றைத் தருகிறது என்று 1936இல் ஜான் பிட்னர் காட்டினார். அது வைரஸ் என்பது பின்னர் உறுதியானது. அதை ஒத்த மரபணுத் துணுக்குகள் மனிதக் கட்டிகளிலும் கிடைத்ததாக 1995இல் ஓர் ஆய்வு சொன்னது. எப்ஸ்டீன்-பார் வைரஸ், கருப்பைவாய்ப் புற்றைத் தரும் எச்பிவி, மாடுகளுக்கு ரத்தப் புற்று தரும் வைரஸ் ஆகியவற்றைப் பற்றியும் இதேபோன்ற முடிவுகள் வந்தன. வேறு ஆய்வகங்கள் தேடியபோது பலமுறை ஒன்றும் அகப்படவில்லை.

இந்த முரண்பாட்டுக்குக் காரணம் உண்டு. பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எப்ஸ்டீன்-பார் வைரஸை வெள்ளணுக்களில் ஆயுள் முழுக்கச் சுமப்பவர்கள். கட்டிக்குள் அந்த வெள்ளணுக்களும் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, துளி டிஎன்ஏவையும் பல மடங்காகப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை செய்தால் 'பாசிட்டிவ்' வருவதில் வியப்பில்லை. வைரஸ் புற்றணுவுக்குள்ளேயே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டும் மைக்ரோடோம் கருவியின் பிளேடை மாற்றாமல் அடுத்த மெழுகுக்கட்டியை (திசுவைப் பதித்து வைத்த மெழுகை) வெட்டினாலும், இரண்டு சுற்று பிசிஆரில் நடுவே குழாயைத் திறந்தாலும் முந்தைய மாதிரியின் டிஎன்ஏ இதில் கலந்துவிடும். ப்ராஸ்டேட் புற்றோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்ட எக்ஸ்எம்ஆர்வி என்ற வைரஸ் பற்றிய பரபரப்பும், ஆய்வகத்தில் நேர்ந்த மாசு என்று தெரிந்து அடங்கியது.

மாட்டு வைரஸுக்கு அஞ்சிப் பாலை நிறுத்தவும் வேண்டாம். பொங்கக் காய்ச்சிக் குடித்தால் போதும்.

ஆகவே கட்டி தென்பட்ட பெண் வைரஸ் பரிசோதனைக்குக் காசு செலவழிப்பது வீண். தடித்த கோர் ஊசியால் கட்டியிலிருந்து சிறு திசுத்துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் தேவை. அதில்தான் மலையில் கோளாறு நேர்கிறது. எடுத்த திசுவை உடனே, அது கெடாமல் பதப்படுத்தும் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின் திரவத்தில், திசுவைப்போல் பத்து மடங்கு அளவில் போட வேண்டும், சலைனில் அல்ல. ஊறும் நேரம் 6 மணிக்குக் குறையக் கூடாது, 72 மணியைத் தாண்டக் கூடாது. முழுக் கட்டியாக எடுத்தால் கீறிவிட்டுத்தான் போட வேண்டும். இல்லையேல் நடுப்பகுதி கெட்டுவிடும். ஊட்டிக் குளிரில் ஃபார்மலின் இன்னும் மெதுவாகவே உள்ளே இறங்கும். கூடலூரில் எடுத்த திசு சனி, ஞாயிறு கழிந்து கோவை போய்ச் சேருவதும் உண்டு. எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டையும் டப்பாவின் மேல் எழுதியனுப்ப அரை நிமிடம் ஆகாது. சரியாகப் பதப்படாத திசுவில், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 'இல்லை' என்று தவறாக வரலாம். அந்த ஏற்பி இருப்பவர்களுக்குத் தரப்படும் டமாக்ஸிஃபென் மாத்திரையால் பிழைக்கக்கூடியவருக்கு அது கிடைக்காமல் போகும்.

மேல்சிகிச்சைக்குக் கோவை செல்பவர்கள் ரிப்போர்ட்டோடு மெழுகுக்கட்டியையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். மறுபரிசோதனைக்கு அதுதான் உதவும். மேட்டுப்பாளையம் இறங்கியபின் அதை வெயில்படும் கார் முகப்பில் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.

இப்படிக்கு,
நோய்க்குறியியல் ஆய்வகப் பணியாளர்கள்,
குன்னூர்.