கடலோர வீட்டுச் சோலார்: போல்ட்டையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாடியில் சோலார் போடுவது பற்றி நாளிதழ்களில் வரும் செய்தியிலும் விளம்பரத்திலும் மானியக் கணக்குதான் பெரிதாக இருக்கிறது. வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூரிய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் என்பது பலருக்கு மனப்பாடம். ஆனால் பரங்கிப்பேட்டையிலிருந்து தேவனாம்பட்டினம், தாழங்குடா, புதுச்சேரி வரை கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு. பேனலைப் பிடித்துக்கொண்டிருக்கும் சட்டமும் போல்ட்டும் இந்த உப்புக் காற்றிலும் புயலிலும் எத்தனை வருடம் நிற்கும்?

காற்றழுத்தம் பற்றிய இந்தியத் தர விதி 875, நம் கரையோரத்துக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. வேகத்தை அடிப்படையாக வைத்திருக்கிறது. அந்த வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் விழும். இப்போது வரும் 540 வாட் பேனலின் பரப்பு இரண்டரைச் சதுர மீட்டர், எடை ஏறக்குறைய 28 கிலோ. அடியில் புகும் காற்று அதை 350 கிலோவுக்கு மேல் தூக்கப் பார்க்கும். நான்கு பேனல் உள்ள 2 கிலோவாட் அமைப்புக்கு இது ஒன்றரை டன் வரை போகலாம். ஓர் அடி நீள, அகல, உயரமுள்ள கான்கிரீட் கட்டை 65 கிலோதான் இருக்கும். தளத்தின் மேல் ஆறு கட்டைகளை வெறுமனே உட்கார வைத்து, "வெயிட்டே போதும் சார்" என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

செய்ய வேண்டிய முறை இதுதான். பேனல் சட்டத்தின் தூண் வரும் இடத்தில் தட்டோட்டை வெட்டி எடுத்து, கான்கிரீட் தளம் தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். தூணைத் தளத்தோடு பிணைக்கும் 10 மி.மீ. கம்பிக்கு 12 மி.மீ. துளை, ஆழம் 80 முதல் 90 மி.மீ. நம் வீட்டுத் தளங்கள் பெரும்பாலும் நாலரை, ஐந்து அங்குலம்தான், அதற்கு மேல் துளைத்தால் கீழே சீலிங் பெயர்ந்துவிடும். துளைக்குள் இருக்கும் தூளை பிரஷ் விட்டுத் தேய்த்து, ஊதி எடுத்த பிறகே ரசாயனப் பசையை நிரப்ப வேண்டும். தூள் இருந்தால் பசை தூளைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. கம்பி கையோடு வரும். வேலையாட்கள் அவசரத்தில் விட்டுவிடுவது இந்த ஒரு நிமிட வேலையைத்தான். கம்பி இறுகிய பின் சுற்றிலும் கட்டை வார்த்து, ஒழுகாமல் பூச வேண்டும்.

சாய்வு தெற்கு நோக்கி 12 டிகிரிக்குள் இருந்தால் போதும், இந்த ஊர் அட்சரேகைக்கு அதுவே சரி. கீழே துணி காயப் போடலாம் என்று எட்டடி உயரத்துக்குத் தூக்கி நிறுத்துவது, கடற்கரையிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கு வேண்டாம் என்பேன்.

அடுத்தது உப்பு. அலுமினிய கிளாம்ப்பில் சாதாரண ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போல்ட் போட்டிருக்கும் மாடியில் இரண்டு மழைக்காலம் கழித்து ஏறிப் பாருங்கள். போல்ட் தலையில் செம்பழுப்புத் துரு வழிந்திருக்கும், அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்திருக்கும். இரண்டு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். ஸ்டெயின்லெஸ் என்று சொன்னாலும் தலையில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். ஏ2 என்றால் 304 ரகம், கடலோரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஏ4 என்றால் 316 ரகம், மாலிப்டினம் கலந்தது, நமக்கு வேண்டியது அதுதான். சட்டம் உருக்கிய துத்தநாகத்தில் முழுதாக முக்கி எடுத்ததாக, 80 மைக்ரான் பூச்சு உள்ளதாக இருக்கட்டும். அதை மாடிக்குக் கொண்டுவந்து வெட்டி, வெல்டிங் வைத்து, மேலே சில்வர் பெயின்ட் அடித்தால் அந்த இணைப்பிலிருந்துதான் துரு தொடங்கும்.

பேனலைக் கழுவ உவர்ப்பான போர் தண்ணீர் ஆகாது. காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும். நல்ல தண்ணீரில், விடியற்காலையில் கழுவ வேண்டும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் விற்பவர்கள் தெளிவாகச் சொல்வதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பிறகு இந்த மாவட்டத்தில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு மட்டும் இணைந்த சாதாரண ஆன்-கிரிட் அமைப்பு வைத்திருந்தால், அப்படிப்பட்ட நாளில் மாடியில் வெயில் கொளுத்தினாலும் வீட்டில் ஒரு விளக்கு எரியாது. கம்பியில் வேலை செய்யும் லைன்மேன் மீது நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும், அது நிற்கத்தான் வேண்டும். புயல் நாளுக்கும் மின்சாரம் வேண்டுமென்றால் பேட்டரியோடும் சேர்ந்து இயங்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. 5 யூனிட் லித்தியம் பேட்டரி ஒரு ஃபிரிட்ஜ், சில விளக்குகள், நான்கு ஃபேன்களை ஓர் இரவு ஓட்டும். 75 வாட் ஃபேன் என்றால் விடியும்போது காலி, குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் பாதி மிச்சம். தண்ணீர் மோட்டாரை இந்த லைனில் சேர்க்காதீர்கள், கிளம்பும்போது அது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தரைத்தளத்தில் வைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் எங்கெல்லாம் புகுந்தது என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாடிப்படி அறைச் சுவரே நல்ல இடம்.

மின்வாரியத்துக்கும் புதுச்சேரி மின்துறைக்கும் ஒரு வேண்டுகோள். நாம் எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பித் தரும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டரைப் பொருத்த வரும்போது வயரிங்கையும் எர்த்தையும் பார்ப்பதோடு நிற்காமல், மாடி ஏறி போல்ட்டின் ரகத்தையும் தூண் தளத்தோடு பிணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடலோரப் பகுதிகளில் இந்த இரண்டும் சரியாக இல்லாத அமைப்புக்கு மீட்டர் இணைப்பு தராதீர்கள்.

இப்படிக்கு,
சூரிய மின் அமைப்புப் பணியாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.